ஒரு புள்ளி மணல்

சிங்கப்பூரில் இறங்கிய அன்று சாயங்காலம் எனக்குக் கடல் கிடைக்கவில்லை.

நான் கடற்கரைப் பொறியாளன். கடலைப் பார்த்துக்கொள்வதற்கென்றே சென்னையில் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. அப்படிப்பட்டவன் ஒரு தீவில் கடலைத் தேடி அலைந்தான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஜாலான் புசாரில் நாங்கள் தங்கிய சின்ன ஓட்டலின் சுவரில் ஊரின் வரைபடம் ஒன்று தொங்கியது. நடக்கிற தூரத்தில் பீச் ரோடு என்று ஒரு சாலை இருந்தது. ஆணி, போல்ட்டு, இரும்புச் சங்கிலி விற்கும் கடைகளைத் தாண்டிப் போய் அந்தச் சாலையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு தடவை நடந்தேன். உயரமான கட்டடங்கள் இருந்தன, கோழிச்சோற்றுக் கடை இருந்தது, லாரிகள் இருந்தன. பீச்சைத்தான் காணோம்.

சிகரெட் விற்றுக்கொண்டிருந்த ஒரு தமிழரிடம், "அண்ணே, கடல் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"இங்கதான் இருந்துச்சு. இப்ப இல்ல லா."

"எங்க போச்சு?"

"தள்ளி வச்சுட்டாங்க" என்றார். பழைய பீரோவைத் தள்ளிவைத்ததைச் சொல்வதுபோல அலட்சியமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் கடல்தான் நம்மைத் தள்ளிவைக்கும். இன்று தெருவின் கடைசி வீடு, நாளை அதற்கு முந்தின வீடு என்று வரிசையாக வாங்கிக்கொண்டே வரும். இங்கே மண்ணைக் கொட்டிக் கொட்டி அதைத் தூரத்துக்கு விரட்டிவிட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கோழிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ரயில் விடப்போகிறோம் என்று ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்துக் கடற்கரை வளர்கிறதா தேய்கிறதா என்று கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு எங்களை அனுப்பியிருந்தார்கள். எங்களை என்றால் என்னையும், என் மேலதிகாரி மாசிலாமணி சாரையும். அவர் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. வெளிநாடு போகாமல் ஓய்வு பெறுவது சரியாக இருக்காது என்று துறையில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள்.

பயிற்சி என்பது பேருக்குத்தான். வந்திருந்த ஒவ்வொரு நாட்டு அணிக்கும் ஒரு கடற்கரையைக் கொடுத்து, படத்தை வைத்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். அந்த அறிக்கையை வைத்து அந்த ஊர்க் கடற்கரை அலுவலகம் உண்மையிலேயே முடிவெடுக்கும். எங்களுக்குக் கிடைத்தது கிழக்குக் கரையில் இரண்டு கல் தடுப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு துண்டுக் கடற்கரை. கடல் அரித்துக்கொண்டிருந்த இடம். சில வருஷங்களுக்கு முன்னால் வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அந்த மணல் நிற்கிறதா, போய்விட்டதா என்பதுதான் கேள்வி.

அதைக் கொட்டியவர் சூசைராஜ். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. அந்த அலுவலகத்தில் தொழில்நுட்ப அதிகாரி. கல் சுவர் கட்டிவிடலாம் என்று மேலே இருந்த மிஸ்டர் லிம் சொன்னபோது, சுவர் கட்டினால் அங்கே யாரும் காலை நனைக்க முடியாது, மணல் போதும் என்று ஒற்றை ஆளாக வாதாடி வாங்கியிருக்கிறார். "மண்ணு நின்னா நீ ஜெயிச்சே. போச்சுன்னா சுவரு வரும், நீ லொங்காங் பிரிவுக்குப் போயிடணும்னு சொல்லிட்டாரு சார்" என்று முதல் நாளே எங்களிடம் சொன்னார். லொங்காங் என்றால் அந்த ஊரில் சாக்கடை.

"நீங்க நம்மாளுங்க. நம்மாளுங்ககிட்ட என் பீச்சு வந்ததே கர்த்தர் செயல்" என்றும் சொன்னார். மாசிலாமணி சார் இதைக் கேட்டதும் விறைத்துக்கொண்டார். அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு என்னிடம், "தனபால், அந்தாளுக்கு நாம படத்தைக் காட்டப்படாது. சம்பந்தப்பட்ட ஆளுக்கு ஃபைலைக் காட்டற வழக்கம் நம்ம டிபார்ட்மென்ட்ல கிடையாது. வாயைத் தொறக்காதே" என்றார். முப்பது வருஷ சர்வீஸ் பேசியது. நான் தலையாட்டினேன்.

இப்போது படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் செயற்கைக்கோள் பதினாறு நாளுக்கு ஒரு தடவை சிங்கப்பூருக்கு மேலே வரும். வரும்போதெல்லாம் சிங்கப்பூர் மேகத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். இத்தனை வருஷத்தில் எங்கள் கடற்கரை தெளிவாக விழுந்த படங்கள் இரண்டே இரண்டு. ஒன்று மணல் கொட்டிய கொஞ்ச நாளில் எடுத்தது. மற்றது சமீபத்தில் எடுத்தது. படத்தில் மரமெல்லாம் சிவப்பு, கடல் கறுப்பு, மணல் வெள்ளை. படம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளி என்பது தரையில் முப்பது மீட்டர். சூசைராஜின் கடற்கரையோ அகலத்தில் அவ்வளவுதான் இருக்கும்.

பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினேன். பழைய படத்தில் சிவப்பு மரங்களுக்கும் கறுப்புக் கடலுக்கும் நடுவே ஒரு வரிசை வெள்ளைப் புள்ளி பளிச்சென்று இருந்தது. புதிய படத்தில் அந்த வரிசை கறுத்துப்போயிருந்தது. கடல் மரத்தடிக்கே வந்திருந்தது. நான் பென்சிலால் கோடு போட்டேன். மாசிலாமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மண்ணு போயிடுச்சு" என்றார்.

"ஒரு புள்ளிதானே சார்."

"மொத்தமே ஒரு புள்ளிதானய்யா."

எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு படமும் வெவ்வேறு நேரத்தில் எடுத்ததாக இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. அந்தச் செயற்கைக்கோள் எந்த நாள் வந்தாலும் காலையில் அதே நேரத்துக்குத்தான் வரும். வெயில் ஒன்று, நிழல் ஒன்று, நேரம் ஒன்று. அப்புறம் என்ன சந்தேகம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அறிக்கையைத் திங்கட்கிழமை மிஸ்டர் லிம்மிடம் கொடுக்க வேண்டும். ஒரு புள்ளியால் ஒரு மனிதர் சாக்கடைக்குப் போகப்போகிறார் என்ற நினைப்போடு ஃபேரர் பார்க் பக்கம் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டேன். மீன் தலைக் கறி அன்றைக்கு எனக்கு ருசிக்கவில்லை. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் சூசைராஜ் என்னை வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். வீடு வடக்குக் கோடியில், மார்சிலிங்கில். மாசிலாமணி சார் வர மறுத்துவிட்டார், சம்பந்தப்பட்ட ஆள் வீட்டில் கை நனைக்கக் கூடாதாம். அதோடு படத்தின் ஒரு பிரதியைச் சுருட்டி என் கையில் கொடுத்து, ஓட்டல் அறையில் வைத்தால் பாதுகாப்பில்லை, கூடவே வைத்துக்கொள் என்றார். எந்த ஆளிடம் காட்டக் கூடாதோ அந்த ஆள் வீட்டுக்கே படத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பேருந்தில் நல்ல காற்று. மத்தியானச் சாப்பாடு வேறு உள்ளே இருந்தது. கண் அசந்துவிட்டேன். விழித்தபோது எல்லாரும் கையில் பாஸ்போர்ட்டோடு இறங்கி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அது எல்லைச் சாவடி. பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியா. என் பாஸ்போர்ட் ஜாலான் புசாரில் தலையணைக்கு அடியில் இருந்தது.

சாவடியில் இருந்த அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். "பாஸ்போர்ட் இல்லாம ஜொகூருக்குப் போறீங்களா அங்கிள்?" என்றார்.

"நான் மார்சிலிங்குக்குப் போறேன்மா."

"மார்சிலிங் பின்னாடி போச்சே. அது என்ன கையில?"

சுருளைப் பிரித்தார். வானத்திலிருந்து எடுத்த சிங்கப்பூர், தலை முதல் கால் வரை, ரத்தச் சிவப்பில். அவர் முகம் மாறிவிட்டது. பாஸ்போர்ட் இல்லாத ஒரு ஆள் நாட்டின் முழுப் படத்தோடு எல்லையில் நிற்கிறான் என்றால் யாருக்குத்தான் மாறாது.

"ஏன் எல்லாமே ரெட்டா இருக்கு?"

"அதெல்லாம் மரம்மா."

"மரம் க்ரீன்தானே அங்கிள்."

"மேலேர்ந்து பார்த்தா சிவப்பா தெரியும்."

அவர் ஜன்னல் வழியாக வெளியே நின்ற மரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு நான் பென்சிலால் கோடு போட்டிருந்த இடத்தைச் சுட்டி, "இது என்ன மார்க்கிங்?" என்றார்.

"ஒரு புள்ளி. அந்தப் புள்ளி இருக்கா இல்லையான்னு பார்க்கத்தான் இந்தியாவிலேர்ந்து வந்திருக்கேன்."

இந்தப் பதிலுக்கு அவரிடம் எந்தச் சட்டமும் இல்லை போலிருக்கிறது. சூசைராஜின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டார். சூசைராஜ் கைலியோடு, ரப்பர் செருப்போடு ஓடி வந்தார். "சார் பெரிய எஞ்சினியர். எங்க கெஸ்ட்டு" என்று அவர் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது, மேஜைமேல் படம் விரிந்து கிடந்தது. அவருடைய கடற்கரை, அதன் மேல் என் கோடு. அவர் கண் அதில் படுவதற்குள் நான் பாய்ந்து சுருட்டினேன். படம் ஓரத்தில் கிழிந்தது. அந்தப் பெண் அதிகாரிக்கு என்மேல் விலகியிருந்த சந்தேகம் மறுபடியும் வந்துவிட்டது. ஒருவழியாக விட்டார்கள்.

சூசைராஜின் வீடு பதினோராவது மாடியில். மனைவி செசிலியா நெத்திலிச் சம்பலும், கங்கோங் கீரையும், புளி தூக்கலான மீன் குழம்பும் வைத்திருந்தார். உட்கார்ந்ததும் சூசைராஜ், "அப்புறம் சார், நம்ம மண்ணு எப்படி இருக்கு?" என்றார்.

நான் சோற்றை வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் சோறு இருந்தால் பேச வேண்டியதில்லை. விழுங்குவதற்குள் அவர் மறுபடியும் கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். இப்படியே அவர் கேட்கக் கேட்க நான் வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன். "சாருக்கு என் சமையல் ரொம்பப் புடிச்சுப் போச்சு" என்று செசிலியா சந்தோஷப்பட்டார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது என்று சொல்வார்கள். நான் அதை உண்டுகொண்டிருக்கும்போதே செய்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. வயிறும் வலித்தது.

திங்கட்கிழமைக்கு முன்னால் பயிற்சியில் இன்னொரு கூத்து பாக்கி இருந்தது. சனிக்கிழமை காலை செயற்கைக்கோள் மறுபடியும் வருகிறது. அப்போது கடற்கரையில் ஒரு புள்ளி அளவுக்கு வெள்ளைத் துணி விரித்து வைத்தால், படத்தில் எந்தப் புள்ளி எந்த இடம் என்று சரிபார்க்கலாம். ஆனால் அந்தப் படம் கைக்கு வர மாதக் கணக்காகும், எங்கள் அறிக்கையோ திங்கட்கிழமை. இதை மிஸ்டர் லிம்மிடம் சொன்னேன். பாடத்திட்டத்தில் துணி விரிப்பது இருக்கிறது, ஆகவே விரிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார். எங்கள் துறைக்குச் சற்றும் குறைந்த துறை இல்லை என்று தெரிந்தது.

முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் துணி. ஒரு புள்ளியை நிரப்ப ஒரு ஜவுளிக்கடையே வேண்டும். சூசைராஜ் எங்களைச் சிராங்கூன் சாலையில் காஜா பாய் கடைக்கு அழைத்துப் போனார். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், மூன்று தலைமுறையாக இங்கே வியாபாரம். தேவை என்னவென்று கேட்டதும் தராசுபோல இரண்டு கையையும் தூக்கினார்.

"வெள்ளைத் துணி இவ்வளவா? யா அல்லா, எத்தனை மவுத்து?"

"சாவு இல்ல பாய். மேல சேட்டலைட் வருது. அதுக்குக் காட்டணும்" என்றார் சூசைராஜ்.

"காட்டிட்டு?"

"சுருட்டிக் கொண்டாந்து தந்துடுறேன்."

"அழுக்குப் படாம?"

"மணல்ல என்ன பாய் அழுக்கு?"

பாய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கிறுக்கர்களுக்குக் கடன் கொடுப்பது புண்ணியம் என்று நினைத்தாரோ என்னவோ, கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அந்தக் கடற்கரைக்குப் போனேன். மணல் அகலமாக, அமைதியாக இருந்தது. கடல் தூரத்தில் இருந்தது. படத்தின்படி நான் நின்ற இடம் கடல். என் செருப்புக்கு அடியில் நல்ல மணல். கோடு போட்டதில் ஒரு புள்ளி முன்னே பின்னே தவறியிருக்குமோ என்று தோன்றியது. மாசிலாமணி சாரிடம் மெதுவாகச் சொன்னேன். "கண்ணால பார்க்கறதை நம்பறதா இருந்தா அரசாங்கம் எதுக்கு நம்மளைச் செலவு பண்ணி அனுப்பிச்சுது?" என்றார். மரத்தடியிலிருந்து தண்ணீருக்குச் சற்று இப்பால் வரைக்கும் துணியை விரித்தோம்.

"சேட்டலைட் போனதும் சுருட்டிடலாம் சார். தண்ணி வரும்" என்றார் சூசைராஜ்.

"அது அங்க கிடக்கு. நாங்க பார்க்காத கடலா?" என்றார் மாசிலாமணி சார். நானும் அவரும் பிறந்ததிலிருந்து சென்னைக் கடலைப் பார்த்தவர்கள். அங்கே கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு முழம், ஒன்றரை முழம். யாரும் அதைக் கவனிப்பதில்லை. மெரினாவில் காலையில் சுண்டல் விற்ற இடத்திலேயே சாயங்காலமும் விற்கலாம்.

பதினோரு மணிக்குச் சற்று முன்னால் செயற்கைக்கோள் வரவேண்டும். பத்தரை வரைக்கும் வானம் கழுவி விட்டதுபோல இருந்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து சரியாக எங்கள் தலைக்கு மேல் நின்றது. எங்களுக்கு மட்டும் நிழல், சுற்றிலும் வெயில். நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். நேரம் கடந்தது. மேகமும் கலைந்தது. சூசைராஜ் ஒரு மலாய் வார்த்தை சொன்னார். அர்த்தம் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றார்.

துணியைச் சுருட்டக் குனிந்தபோதுதான் பேருந்து வந்தது. சூசைராஜின் பங்குக் கோயில்காரர்கள். தன் கடற்கரையை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசையில் பங்கின் உல்லாசப் பயணத்தையும் அன்றைக்கே வைத்திருந்தார். "காலையில சேட்டலைட், மத்தியானம் சர்ச்சுன்னு பிரிச்சுத்தான் சார் வச்சேன்" என்று பிறகு சொன்னார். எழுபது எண்பது பேர் இறங்கினார்கள். மணல்மேல் இவ்வளவு பெரிய வெள்ளை விரிப்பைப் பார்த்ததும் அவர்களுக்குக் கொள்ளை சந்தோஷம். "சூசை அண்ணன் எவ்வளவு நீட்டா ஏற்பாடு பண்ணியிருக்காரு பாரு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிரியாணி அண்டா நட்டநடுவே இறங்கியது. காஜா பாயின் துணியில் முதல் மஞ்சள் கறை விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

சூசைராஜ் அங்குமிங்கும் ஓடினார். "எந்திரிங்க, தண்ணி வருது, மேல போங்க" என்றார். அவர்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள், தண்ணீர் ஏறும் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் கடல் உத்தியோகத்தில் இருக்கும் சூசை விரித்த விரிப்பு, பக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த இரண்டு கடல் எஞ்சினியர்கள், எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் விரித்திருப்பார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். சூசை விளையாடுகிறார் என்று சிரித்தார்கள். காற்றுக்காகத் தண்ணீர்ப் பக்கத்து ஓரத்தில் மாசிலாமணி சார் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவைப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தார்.

பங்குத்தந்தை எழுந்து நின்று ஜெபத்தைத் தொடங்கினார். சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். நல்ல வானிலைக்கு நன்றி சொன்னார். நோயாளிகளை நினைத்துக்கொண்டார். பேருந்து ஓட்டுநரை நினைத்துக்கொண்டார். இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு நல்ல ஞானத்தைக் கொடுக்கும்படி வேண்டினார். அதற்குள் தண்ணீர் ஓர வரிசையைத் தொட்டுவிட்டது. ஜெபத்தின் நடுவே எழுந்திருக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கம் நனைய நனைய எல்லாரும் கைகூப்பியபடி இருந்தார்கள். "ஆமென்" என்று முடிந்த நொடியில் மொத்தக் கூட்டமும் ஒரே கூச்சலோடு எழுந்தது.

மாசிலாமணி சாரின் ஷூ இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. பிரியாணி அண்டா கொஞ்ச தூரம் நிமிர்ந்தபடி மிதந்தது. நாலு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதைக் கரைசேர்த்தார்கள். துணி தண்ணீருக்கடியில் வெள்ளையாக அசைந்தது. நாங்கள் ஏற ஏறக் கடலும் கூடவே ஏறியது. கடைசியில் எல்லாரும் மரத்தடியில் நெருக்கிக்கொண்டு நின்றோம்.

தண்ணீர் எங்கே வந்து நின்றது என்று பார்த்தேன். நான் கோடு போட்ட இடத்தில் நின்றது.

செயற்கைக்கோள் எந்த நாள் வந்தாலும் ஒரே நேரத்துக்கு வரும். கடல் அப்படி வராது. இன்று காலை அந்த நேரத்துக்கு இறங்கியிருக்கிற கடல், ஒரு வாரம் கழித்து அதே நேரத்துக்கு ஏறியிருக்கும். ஒரு முழக் கடலிலேயே வளர்ந்த நாங்கள் இரண்டு பேரும் அதை யோசிக்கவே இல்லை. இங்கே கடல் இரண்டு ஆள் உயரம் ஏறி இறங்குகிறது. மணல் எங்கும் போகவில்லை. தண்ணீருக்கு அடியில் இருந்தது, அவ்வளவுதான்.

சூசைராஜின் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "உங்க மண்ணு போயிடுச்சுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டோம் சூசை."

அவர் சீப்பை எடுத்துத் தலையை வாரினார். "அன்னைக்கு எங்க வீட்டுல அவ்வளவு சாப்பிட்டீங்களே, அதுக்கா சார்?" என்றார்.

"ஆமா."

"செசிலியாகிட்ட சொல்லாதீங்க. மனசு கஷ்டப்படுவா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாசிலாமணி சாரிடம் போனேன். அவர் பேண்ட்டைப் பிழிந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு முடித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டாச்சு. கையெழுத்துப் போட்ட பிற்பாடு கடல் மாறினா நான் என்ன செய்யறது?" என்றார்.

"அப்ப திங்கட்கிழமை நான் எழுந்து சொல்லிடுவேன் சார்."

எங்கள் துறையில் இப்படிச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் எல்லாம் மாற்றலாகி இப்போது ராமநாதபுரத்தில் இருக்கிறார்கள். சார் என்னை முறைத்துக்கொண்டிருந்தபோது செசிலியா ஒரு தட்டு பிரியாணியும், தன் கணவரின் ரப்பர் செருப்பும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "சாருக்குப் பசிக்கும். கொஞ்சம் உப்புக் கூடுதலா இருக்கும், கடல் தண்ணி பட்டுடுச்சு" என்றார். சார் செருப்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். சம்பந்தப்பட்ட ஆள் வீட்டுச் சாப்பாடு. ஆனால் மணி இரண்டு ஆகியிருந்தது. சாப்பிட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், அன்றைக்கு உப்பு தாராளமாகவே இருந்தது.

சாயங்காலம் அலுவலகத்தில், கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் குறித்து வைத்திருக்கும் ஓத அட்டவணையைப் பார்த்தோம். முதல் படம் கடல் இறங்கியிருந்த காலை. இரண்டாவது நன்றாக ஏறியிருந்த காலை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாசிலாமணி சார் ஓட்டல் அறையில் ரப்பர் செருப்போடு உட்கார்ந்து, ஒற்றை விரலால் புது அறிக்கையைத் தட்டச்சு செய்தார். நான் துணியை எடுத்துக்கொண்டு காஜா பாயிடம் போனேன். விரித்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "முழுசுக்கும் மஞ்சச் சாயம் போட்டு வித்துடறேன். நீங்க மறுபடி வராதீங்க" என்றார்.

திங்கட்கிழமை மிஸ்டர் லிம் முன்னால் சார் எழுந்து நின்றார். தப்புச் செய்ய இருந்தவருக்கு நல்லது செய்யும் வேகம் வந்தால் தாங்காது. மணல் நிற்கிறது என்றார். ஒரு பிடிகூடப் போகவில்லை என்றார். இப்படி நிற்கும் மணலைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார்.

"பராமரிப்பு எதுவும் தேவைப்படுமா?" என்று மிஸ்டர் லிம் கேட்டார்.

"எதுவும் வேண்டாம். தானாகவே நிற்கும்."

"யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லையா?"

"யாரும் கிட்டே போகக்கூட வேண்டியதில்லை" என்றார் சார். நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். ரப்பர் செருப்பு, உறைக்கவில்லை.

மிஸ்டர் லிம்முக்கு மிகுந்த திருப்தி. சுவர் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தார். சூசைராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, மணல் தானாகவே நிற்கிறபடியால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரி தேவையில்லை என்றும், சாக்கடைப் பிரிவில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது என்றும் சொன்னார். மணல் போயிருந்தால் தண்டனையாகப் போயிருப்பார். நின்றதனால் பாராட்டோடு போகிறார். மாசிலாமணி சார் திறந்த வாயை மூடவில்லை. அன்றைக்கு எனக்கு உலகத்தின்மேலேயே கோபம் வந்தது.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சூசைராஜ் ஓட்டலுக்கு வந்தார். புது வேலையில் சேர்ந்தாயிற்று. காப்பிக் கடையில் தே தாரிக் என்கிற நுரை டீயைக் குடித்துவிட்டு அப்படியே ஜாலான் புசார் பக்கத்துக் கால்வாயோரம் நடந்தோம். அது இப்போது அவர் பொறுப்பு. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"மன்னிச்சுக்குங்க சூசை" என்றேன்.

"எதுக்கு சார்? சுவரு வரலல்ல. பிள்ளைங்க விளையாடுவாங்க" என்றார். "ஆனா காலையில எந்திரிச்சா காலு அங்கதான் சார் போவுது. பாதி வழியில ஞாபகம் வந்து திரும்புறேன்."

பாலத்தின்மேல் நின்றோம். கீழே கறுப்புத் தண்ணீரில் ஒரு தேங்காய் மட்டை மிதந்து போனது. கடலைப் பார்த்துப் போகவேண்டிய மட்டை, ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. சாக்கடை பின்னோக்கி ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சூசைராஜ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அந்த மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க கடல் தண்ணி இவ்வளவு வந்துடுச்சுன்னா, அங்க இப்ப பாதி மணலுக்கு ஏறியிருக்கும் சார்" என்றார். "இன்னும் கொஞ்ச நேரத்துல மரத்தைத் தொட்டுடும்."

மட்டை பாலத்துக்கு அடியில் போய் மறையும்வரை பார்த்துவிட்டு, சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.